வலது பக்கத்து இருதயம்

என் இருதயம் வலது பக்கத்தில் இருக்கிறது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சிலருக்கு இடது கைப் பழக்கம் இருப்பதுபோல எனக்கு இது. இப்போது யாரிடமாவது சொன்னால் "அப்படியா!" என்று கண்ணை விரிக்கிறார்கள். அடுத்த நிமிஷம் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். தங்களுடையது இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இவ்வளவு சாவகாசமாகச் சொல்லிவிட முடியாது. அப்போது இது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒருத்தி நான், இன்னொருத்தி அம்மா. அப்பாவுக்குத் தெரியாது. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். தங்கமான மனிதர், ஆனால் வாயில் எதுவும் நிற்காது. காலையில் அவரிடம் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது செங்கல்பட்டு போய்ச் சேர்ந்துவிடும் என்று அம்மா சொல்வாள்.

அம்மா மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் பிறந்த சில வாரங்களில், எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, துடிப்பு வேறு பக்கம் தட்டுவதை அவள் கை கண்டுபிடித்துவிட்டது. தங்கை பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டிப் பழகிய கை அது. யாரிடமும் சொல்லாமல் என்னைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டியிருக்கிறாள். அவர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்படிப் பொறக்கிற கொழந்தைங்க ரொம்ப நாள் இருக்கறதில்லம்மா. இருக்கிற வரைக்கும் நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான். ஆனால் அதை மறைத்து வைத்திருந்து கடைசியில் எடுத்துக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த ஒரு வாக்கியத்தை யாரிடமும் இறக்கி வைக்காமல் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் நடமாடினாள் என்று தெரிந்தால்தான் அவள் செய்த மற்றதெல்லாம் புரியும்.

என்னிடம் அவள் சொன்ன காரணம் வேறு. "வெளியில தெரிஞ்சா உன்னை யாரும் கட்டிக்க மாட்டாங்க. வாயைத் திறக்காதே." எட்டு வயதில் கல்யாணத்தைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இல்லை. ஆனாலும் அம்மா சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு பள்ளியில் முதல் சிக்கல் வந்தது. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இருதயம் என்பது தினப்படி புழங்குகிற சொல். ஜெபத்தில் வரும், பாட்டில் வரும், திட்டிலும் வரும். ஒரு பாட்டுக்கு அபிநயம் உண்டு. வானம் என்றால் கையை மேலே தூக்க வேண்டும், இருதயம் என்றால் நெஞ்சில் வைக்க வேண்டும். நான் யோசிக்காமல் வலது பக்கம் வைத்தேன். சொல்லிக்கொடுத்த அக்கா என் கையைப் பிடித்து இடது பக்கம் நகர்த்தினாள். அடுத்த வாரமும் நகர்த்தினாள். இந்தப் பிள்ளைக்கு வலது இடது தெரியவில்லை, டீச்சர் பிள்ளையாய் இருந்தும் இப்படியா என்று அம்மாவிடமே கேட்டும்விட்டாள். அம்மா சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, பாட்டு வரியைச் சொல்லிச் சொல்லி என் கையை இடது பக்கம் வைக்கப் பழக்கினாள். அங்கே ஒன்றுமே துடிக்காது. காலி வீட்டின் கதவைத் தட்டுவதுபோல இருக்கும்.

அம்மா என்னை எங்கேயும் ஓடவிடமாட்டாள். விளையாட்டு வகுப்பில் கயிறு தாண்ட அனுமதியில்லை. மாடிப்படி ஏறினால் பின்னாலேயே வந்து, "மூச்சு வாங்குதா?" என்று கேட்பாள். விடுமுறை நாட்களில் மத்தியானம் சாப்பிட்டதும் பாயை விரித்து என்னைப் பக்கத்தில் படுக்கவைப்பாள். நான் தூங்கிவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியதும் அவள் உள்ளங்கை மெதுவாக வந்து என் வலது மார்பின் மேல் உட்காரும். கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு போய்விடும். சில நாள் இரண்டு தடவைகூட வரும். நான் தூங்கியிருக்கவே மாட்டேன். அந்தக் கை வருவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். சுண்ணாம்புக்கட்டி வாசனை அடிக்கும் கை. அது கொஞ்சல் என்று நினைத்திருந்தேன். வேறு எந்த நேரத்திலும் அம்மா கொஞ்சுகிற ரகம் இல்லை.

உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான டீச்சர் உடம்பைப் பாகம் பாகமாகப் பிரித்து நடத்தினார். மெழுகுத்துணியில் வரைந்த பெரிய படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். ஆணியில் மாட்டினால் ஒரு மொட்டைத் தலை மனிதன் கையை விரித்து நிற்பான். ஒரு வாரம் அவனுக்குள் ரத்தக் குழாய்கள் மட்டும் இருக்கும், சிவப்பிலும் நீலத்திலும். நடுவில் கொஞ்சம் சாய்ந்தாற்போல இருதயம். நான்கு அறைகள், அறைக்கு அறை வால்வு. அசுத்த ரத்தம் ஒரு வழியாக வந்து, நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி, இன்னொரு வழியாக உடம்புக்குப் போகும். அடுத்த வாரம் அதே மனிதனிடம் ரத்தமே இருக்காது, நுரையீரல் மட்டும். அதற்கடுத்த வாரம் இரைப்பை, கல்லீரல், மடித்து மடித்துச் செருகிய குடல். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற மூலையில் புழுவைப் போல ஒன்று தொங்கும். அது குடல்வால், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, வீங்கினால் மட்டும் ஆளைக் கொல்லும் என்று டீச்சர் சொன்னார். குடும்பத்தில் யாரையோ நினைத்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

எனக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்திருந்தது. உடம்பு என்பது இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. நாம் எதுவும் செய்யாமலே உள்ளே கல்லீரல் பித்தம் சுரக்கிறது, சிறுநீரகம் வடிகட்டுகிறது. நாமோ பரீட்சையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மூளையின் வலது பாதி உடம்பின் இடது பாதியை ஆட்டிவைக்கிறது என்று ஒரு நாள் டீச்சர் சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பக்கம் மாறுவது அப்படியொன்றும் அதிசயமில்லை என்று தோன்றியது.

ஆனால் அந்தப் படங்களால் ஒரு கெடுதலும் நடந்தது. டீச்சர் ஒருநாளும் எல்லாப் படத்தையும் ஒரே ஆணியில் மாட்டிக் காட்டவில்லை. எனக்கு இருதயம் ஒரு பாடம், வயிறு இன்னொரு பாடம். ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் இருதயம் மட்டும் தவறான இடத்தில் மாட்டப்பட்டுவிட்டது, மற்றதெல்லாம் அந்த மொட்டை மனிதனுடையதுபோலத்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். அம்மாவும் அப்படித்தான் நம்பினாள்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் வைத்தியப் பரிசோதனை உண்டு, நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்னோடு கூடவே வந்தாள். இருபது வயதுப் பெண்ணுக்கு எதற்குத் துணை என்று கம்பெனி டாக்டர் கேட்டதற்கு, "பழக்கம் சார்" என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். அம்மாவின் கை என் கையைத் தேடி வந்து பிடித்தது. அந்தப் படத்தில் என் இருதயம் எலும்புக் கூட்டுக்குள் வலது பக்கம் சாய்ந்து, யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது. நான் அதை முதல் தடவையாகப் பார்த்தது அன்றுதான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

டாக்டர் சட்டென்று படத்தைத் திருப்பிப் பிடித்தார். இருதயம் இடது பக்கம் வந்துவிட்டது. மூலையில் பக்கத்தைக் குறிக்கப் போட்டிருந்த ஆங்கில எழுத்து இப்போது பின்பக்கமாகத் தெரிந்தது. "எழுத்தையும் மாத்தி வெச்சிருக்கான், முட்டாப்பய. புதுசா ஆள் போட்டா இதான் தொல்லை" என்று எக்ஸ்ரே எடுத்தவனைத் திட்டினார். எனக்கு எழுதிக் கொடுத்தார். நான் ஆரோக்கியமானவள்.

வெளியே வந்து பிளாட்பாரத்தில் மின்சார ரயிலுக்கு நிற்கும்போது அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "திருப்பிட்டான் பாரு, திருப்பிட்டான்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன் இருந்ததாக நினைவில்லை. ஒருவனுக்குத் திட்டு விழுந்ததுதான் பாவம்.

அதற்குப் பிறகு கல்யாணமும் சுலபமாகவே நடந்தது. பல்லாவரத்துக் குடும்பம், சர்ச் வழியாகத் தெரிந்தவர்கள். என் கணவருக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை. அதிகம் பேசமாட்டார். வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும்தான். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். உயரமான, குரல் கணீரென்று இருக்கிற அம்மாள். அவரிடம் மறைப்பது எதுவும் இருக்காது, மற்றவர்களும் மறைக்கக்கூடாது என்று எதிர்பார்ப்பார். எனக்குப் பயம் கொடுத்தது அதுதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று. "கட்டில்ல சுவர்ப் பக்கம் படு. உன் வலது பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும்." மற்ற அம்மாக்கள் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. என் அம்மாவின் ஆலோசனை நில அளவைக்காரர் கொடுப்பதுபோல இருந்தது. நான் அப்படியே செய்தேன். அவர் ஒன்றும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. முதல் சில மாதங்கள் அவர் தலையைத் திருப்பினாலே எனக்குப் பயம். பிறகு பயமும் பழகிவிட்டது.

வயிற்றுவலி ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. அத்தை சந்தைக்குப் போய்விட்டுக் கூடையோடு திரும்பி வந்தபோது நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலித்தது. சாயங்காலத்துக்குள் கீழே இறங்கி இடது பக்கம் ஓர் இடத்தில் நிலைத்துவிட்டது. தெருமுனை டாக்டர் அமுக்கிப் பார்த்து, "இடது பக்கம்தானே, பயப்படாதீங்க. வலது பக்கம்னாதான் அப்பெண்டிக்ஸ். இது வாயு" என்று சொல்லி, பாட்டிலில் அளவுக்குக் காகிதம் ஒட்டிய இளஞ்சிவப்பு மிக்ஸ்சர் கொடுத்தார். நானும் பாடத்தில் படித்ததை நினைத்துக்கொண்டு நிம்மதியடைந்தேன். குடல்வால் வலது பக்கம். எனக்கு வலிப்பது இடது பக்கம். நூற்றுக்கு நூறு வாங்கிய பாடம்.

மறுநாள் காலையில் காய்ச்சல் கொதித்தது. குடித்த மிக்ஸ்சரெல்லாம் வெளியே வந்தது. என் கணவர் அதற்குள் ஆபீஸ் போய்விட்டிருந்தார். சனிக்கிழமை அரை நாள்தான், வந்துவிடுகிறேன் என்று போயிருந்தார். அத்தை பக்கத்து வீட்டுப் பையனைத் தாம்பரத்துக்கு அனுப்பி அம்மாவை வரவழைத்தார். அப்பா டூட்டியில் விழுப்புரம் போயிருந்தார். இரண்டு அம்மாக்களும் என்னை ஒரு டாக்சியில் ஏற்றி, பட்டணத்துக்குப் போகிற வழியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயிருந்து என் கணவர் ஆபீசுக்குப் போன் போட்டார்கள்.

பெரிய டாக்டர் நரைத்த தலை, நிதானமான ஆள். வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது. "உள்ள ஏதோ கட்டி முறுக்கிக்கிட்டிருக்கலாம். தொறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு குழலை என் இடது மார்பில் வைத்தார். கேட்டார். கொஞ்சம் நகர்த்தினார். மறுபடியும் கேட்டார். மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தார். திரும்பவும் குழலுக்குப் போனார்.

"இருதயம் ரொம்ப தூரத்துல கேக்குது. சுத்தித் தண்ணி கோத்திருக்குமோ என்னவோ. இந்த நெலமையில மயக்க மருந்து குடுக்க எனக்குத் தைரியமில்ல. இருதய டாக்டர் திங்கக்கெழம வருவார். அவர் பாத்து சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் ஊசி போட்டுப் பாக்கலாம்."

அத்தை கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். "இந்தப் பொண்ணுக்கு ஹார்ட் வீக்கா? எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த நேரம் அம்மாவின் முகம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அவள் அத்தையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொன்னால் என் வாழ்க்கை போய்விடும் என்று அவள் இருபது வருஷமாக நம்பிவந்தாள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வரை நான் தாங்கமாட்டேன் என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவளுக்கு அது பெரிய தாண்டல்.

"வீக் இல்ல சார்" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல். "அந்தப் பக்கம் வெச்சுப் பாருங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மா முன்னால் வந்து, அவர் கையிலிருந்த குழலின் நுனியைத் தானே பிடித்து என் வலது மார்பில் வைத்தாள். இடம் தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

டாக்டர் கேட்டார். வெகுநேரம் கேட்டதாக எனக்குத் தோன்றியது. "பொறந்ததிலேர்ந்தேவா?" என்றார். "ஆமா சார்." அதற்குப் பிறகு அவர் செய்தது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. இருதயத்தை விட்டுவிட்டு வயிற்றுக்குப் போனார். வலது விலாவுக்குக் கீழே ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் தட்டினார். தர்பூசணி வாங்குகிறவர் தட்டுவதுபோல. பிறகு இடது விலாவுக்குக் கீழே தட்டினார். இடது பக்கம் ஓசை மந்தமாக, கெட்டியாக வந்தது. கல்லீரல் இருக்கிற இடத்தில் அப்படித்தான் வரும். வலது பக்கம் உள்ளே காலியாக இருப்பதுபோல ஒலித்தது, அங்கே இரைப்பை.

"அம்மா, இருதயம் மட்டும் இல்ல" என்றார் டாக்டர். "உள்ள எல்லாமே பக்கம் மாறித்தான் இருக்கு. கல்லீரல் இடது பக்கம், இரைப்பை வலது பக்கம். அப்ப குடல்வாலும் இடது பக்கம்தான். இது அப்பெண்டிக்ஸ்தான். இப்பவே பண்ணணும்."

மொட்டை மனிதனின் படங்கள் எல்லாம் ஒரே ஆணியில் மாட்டப்பட்டு, அப்படியே திருப்பிப் போடப்பட்டதை நான் அந்தக் கட்டிலில் படுத்தபடி பார்த்தேன். அந்த வலியிலும் எனக்கு அது சுவாரசியமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதற்குப் பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே பெஞ்சில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மா, அத்தை, என் கணவர் மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முக்கியமான இடங்களில் மூன்றும் ஒத்துப்போகின்றன.

பெஞ்சின் ஒரு மூலையில் அம்மாவும் மறு மூலையில் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அந்த ஏரியாவிலேயே அபூர்வம் என்பதால் அம்மா நடுங்கிப் போயிருந்தாள். ஆபீஸ் பையோடு என் கணவர் ஓடி வந்ததும் அத்தை எழுந்து நின்றுகொண்டார்.

"டேய், உன் பொண்டாட்டிக்கு ஹார்ட்டு வலது பக்கம் இருக்குதாம்டா. இவ்ளோ நாளா நம்மகிட்ட மறைச்சிருக்காங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "சரி. அதுக்கென்ன? ஆபரேஷன் எதுக்கு?"

"அதுக்கென்னவா? உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. பொம்பளைங்களுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கும்?"

 என் கணவர் விளக்கினார். கணக்கர் அல்லவா, காரணம் இல்லாமல் எதையும் சொல்லமாட்டார். சட்டைப் பட்டன் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு மறு பக்கம். கண் துடித்தால் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. சர்ச்சில் ஆண்கள் இந்தப் பக்கம் உட்காருகிறார்கள், பெண்கள் அந்தப் பக்கம். இதுவும் அப்படித்தான் என்று கல்யாணமான புதிதிலேயே அவர் முடிவுக்கு வந்து, அதோடு விட்டுவிட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாயே என்று அத்தை கேட்டதற்கு, அந்தப் படத்தில் இருந்தது ஆம்பளைதானே என்றாராம்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "உன்னைப் பெத்தவ நிக்கிறேனே, எனக்கு எந்தப் பக்கம்டா இருக்கு?"

"நான் எங்க பாத்தேன்?" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நடுவில் உட்கார்ந்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் ஆபரேஷன் அறைக் கதவிலேயே இருந்தது. மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நான் சுவரோரம் ஒடுங்கிப் படுத்ததெல்லாம் வீண் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அவளுக்கு எந்த ஆறுதலும் இல்லை. அவளுடைய பயம் வேறு.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். குடல்வால் வீங்கிப் பழுத்திருந்தது, உடையவில்லை, எடுத்தாயிற்று என்றார். என் கணவர் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார். அத்தையும் சொன்னார். அம்மா எழுந்து டாக்டர் அருகில் போனாள்.

"சார், இது இப்படி இருக்கறதால... எத்தனை நாள் இருப்பா?"

டாக்டருக்கு முதலில் கேள்வி பிடிபடவில்லை. அம்மா அந்தப் பழைய டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அத்தை, "ஐயோ, இதையா தனியா வெச்சிக்கிட்டிருந்தீங்க!" என்று எழுந்துவிட்டார்.

டாக்டர் அம்மாவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். இருதயம் மட்டும் தனியாக இடம் மாறியிருந்தால் அதற்குள் வேறு கோளாறும் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த டாக்டர் அதை நினைத்துச் சொல்லியிருக்கலாம். இங்கே அப்படி இல்லை. கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாமே சேர்ந்து மாறியிருக்கிறது. ஒன்றோடொன்று பொருந்தித்தான் இருக்கிறது. இருதயம் கேட்பதற்குச் சுத்தமாக இருக்கிறது. "நீங்க, நான், இவங்க எல்லாரும் எவ்ளோ நாள் இருப்போமோ, அவளும் அவ்ளோ நாள் இருப்பா. போதுமா?"

அம்மா தலையை ஆட்டினாள். அழுதாளா என்று மூன்று பேரிடமும் கேட்டேன். இல்லை என்றுதான் மூன்று பேரும் சொன்னார்கள். "எனக்குத் தண்ணி வேணும்" என்று கேட்டாளாம். அத்தை கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுக்க, தம்ளர் தம்ளராகக் குடித்துக்கொண்டே இருந்தாளாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து தேறுவதற்கு என்னைத் தாம்பரத்துக்கு அனுப்பினார்கள். அத்தை அடிக்கடி வந்து பார்த்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் உறுப்புகளின் இருப்பிடத்தை விலாவாரியாகச் சொன்னார். தன் பிள்ளையின் கண்டுபிடிப்பையும் சேர்த்துச் சொன்னார். அப்பா செய்ய வேண்டிய வேலையை அவர் எடுத்துக்கொண்டதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் அம்மா சாப்பிட்டு முடித்து, பாயை விரித்து, பழையபடி என்னைப் பக்கத்தில் படுக்கவைத்தாள். தையல் இழுக்காமல் நேராக மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சைச் சீராக விட்டேன். தூங்குவதாக நடிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அந்தக் கை இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தும் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, அப்படியும் ஏமாற்றமாக இருந்தது. கோபம்கூட வந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தபடி, லேசான குறட்டையோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கவில்லை, பாத்திரம் கழுவவில்லை. அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நான் மெதுவாகக் கையை நீட்டி அவள் மார்பின் மேல் வைத்தேன். பழக்கதோஷம், முதலில் வலது பக்கம் வைத்துவிட்டேன். அங்கே ஒன்றும் துடிக்கவில்லை, ஒரு நொடி எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு கையை இடது பக்கம் நகர்த்தினேன். அது அங்கேதான் இருந்தது, நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் விழிக்கும்வரை கையை எடுக்கவில்லை.